ஒரே நோட்டு, மூன்று வாசிப்பு: கார்லின்வில் தேனீக் கணக்கு

காலநிலை மாற்றம், தேனீ, மகரந்தச்சேர்க்கை என்ற மூன்று சொல்லும் ஒரே கட்டுரையில் வந்தால் பெரும்பாலும் கூடவே ஓர் எண்ணும் வரும்: "120 ஆண்டுகளில் பாதித் தேனீ இனங்களைக் காணோம்." எங்கே காணோம், யார் தேடினார்கள், எத்தனை நாள் தேடினார்கள் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். கைமாறக் கைமாற அது ஏதோ உலகத்துக்கே பொதுவான கணக்கு மாதிரி ஆகிவிடுகிறது.

அந்த எண் பிறந்த இடம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள கார்லின்வில் என்ற சின்ன ஊர். ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் நடுவே, மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற சமவெளி. லாரா பர்க்கிள், ஜான் மார்லின், டிஃப்பனி நைட் ஆகிய மூவரும் 2013-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வுக்கட்டுரைதான் அதன் மூலம்.

இந்தப் பதிவு அந்தக் கட்டுரையைப் பற்றிய விமர்சனம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காட்டுத் தேனீக்கள் பற்றி வாசித்தவற்றில் நான் மிகவும் மதிக்கும் கட்டுரைகளில் இது ஒன்று. மதிப்பதால்தான் நெருங்கிப் பார்க்கத் தோன்றுகிறது. அதில் உள்ள எல்லா எண்களுக்கும் ஒரே பலம் கிடையாது. ஊரெல்லாம் சுற்றுகிற எண்கள்தான் அதில் கொஞ்சம் ஆட்டம் காண்பவை. அதிகம் பேர் கண்டுகொள்ளாத ஓர் எண்தான் காலை ஊன்றி நிற்கிறது. இதுதான் என் வாதம்.

எந்தத் தேனீ?

தேனீ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேன்கூடு. மலைத்தேனீ, கொம்புத்தேனீ, பொந்துத்தேனீ, கொசுத்தேனீ என்று நாம் பெயர் வைத்திருப்பதெல்லாம் கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்ப்பவை. ஆனால் உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட சுமார் 20,000 தேனீ இனங்களில் மிகப் பெரும்பாலானவை தேன் சேர்ப்பதே இல்லை. ராணியும் கிடையாது, வேலைக்காரியும் கிடையாது. ஒரு பெண் தேனீ தனியாக மண்ணில் குழி தோண்டும், அல்லது பட்ட மரத்தின் துளையில் இடம் பிடிக்கும். மகரந்தத்தை உருண்டை பிடித்து வைத்து, அதன் மேல் முட்டையிட்டு, வாசலை அடைத்துவிட்டுப் போய்விடும். பல இனங்களில் வளர்ந்த தேனீயின் ஆயுள் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரத்துக்குள் பூ பூத்திருக்க வேண்டும். பூக்கவில்லை என்றால் அடுத்த தலைமுறை இல்லை.

கார்லின்வில் கதையின் நாயகிகள் இந்தத் தனித் தேனீக்கள்தான். பெட்டித் தேனீ வளர்ப்பவரின் நஷ்டமும் இவற்றின் நஷ்டமும் ஒன்றல்ல. பெட்டித் தேனீக்கு நோய் வந்தால் கவனிக்க ஆள் உண்டு, செத்துப் போனால் வேறு கூட்டம் வாங்கலாம். தனித் தேனீ குறைந்தால் கவனிக்கவே ஆள் இல்லை. எண்ணி வைத்தவர் யாராவது இருந்தால்தான் குறைந்ததே தெரியும்.

கார்லின்வில்லில் அப்படி எண்ணி வைத்த ஒருவர் இருந்தார்.

சார்ல்ஸ் ராபர்ட்சனின் நோட்டு

சார்ல்ஸ் ராபர்ட்சன் அந்த ஊர்க்காரர். அங்கேயே இருந்த பிளாக்பர்ன் கல்லூரியில் ஆசிரியர். 1884 முதல் 1916 வரை ஊரைச் சுற்றியுள்ள காடு, புல்வெளி, வேலியோரம் எல்லாம் அலைந்து, எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். 1928-ல் அது 'பூக்களும் பூச்சிகளும்' என்ற பொருள்படும் பெயரில் புத்தகமானது. 453 வகைப் பூக்கள், ஒவ்வொன்றுக்கும் வந்து போன பூச்சிகளின் பட்டியல். கிட்டத்தட்ட ஒரு விருந்தினர் பதிவேடு. புத்தகம் வந்து ஏழு ஆண்டில், 1935-ல் அவர் இறந்தார். அவர் சேகரித்த பூச்சிகள் இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தில் இன்றும் இருக்கின்றன.

பெயர்ப்பட்டியல்கள் அந்தக் காலத்தில் நிறைய வந்தன. எந்த இனம் எங்கே இருக்கிறது என்று எழுதிவைப்பது வழக்கம். ராபர்ட்சன் எழுதியது வேறு: யாருக்கும் யாருக்கும் உறவு என்பதை. இனம் இருக்கும்போதே உறவு முறிந்து போகலாம் இல்லையா? அதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் உறவை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இவ்வளவு விரிவாக அப்படி எழுதி வைத்த ஊர்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

ஆனால் ஒரு குறை. எந்தப் பூவின் அருகே எத்தனை மணி நேரம் நின்றார் என்ற கணக்கை முறைப்படி அவர் விட்டுச் செல்லவில்லை. அந்தக் காலத்தில் அப்படி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் வருகிறது.

முதல் வாசிப்பு: "அப்படியேதான் இருக்கின்றன"

1970 முதல் 1972 வரை ஜான் மார்லின் அதே ஊருக்குப் போய் 24 வகைச் செடிகளுக்கு வரும் தேனீக்களைச் சேகரித்தார். அவரும் தேனீ வகைப்பாட்டு நிபுணர் வாலஸ் லாபெர்ஜும் அந்தத் தரவுகளை 2001-ல்தான் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே 24 செடிகளில் ராபர்ட்சன் கண்ட தேனீ இனங்களில் 82 சதவீதம் அப்போதும் இருந்தன. கட்டுரையின் தலைப்பிலேயே 'நிலைத்திருத்தல்' என்ற சொல் வருகிறது. இடையில் எவ்வளவு விவசாயம், எவ்வளவு மாற்றம்! இருந்தும் தேனீக்கள் தாக்குப்பிடித்துவிட்டன என்பதுதான் செய்தி.

இரண்டாம் வாசிப்பு: கணினிக்குள் கார்லின்வில்

2007-ல் ஜேன் மெம்மட், பால் கிரேஸ், நிக்கோலஸ் வேசர், மேரி பிரைஸ் நால்வரும் 'ஈகாலஜி லெட்டர்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கார்லின்வில்லுக்குப் போகவில்லை. ராபர்ட்சனின் பட்டியலை அப்படியே கணினியில் ஏற்றினார்கள்: 429 செடிகள், 1,420 பூச்சிகள். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூக்கும் காலமும் பூச்சி பறக்கும் காலமும் எவ்வளவு நகரும் என்று வைத்துப் பார்த்தார்கள். எந்த அனுமானத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து, 17 முதல் 50 சதவீதப் பூச்சி இனங்களுக்கு உணவு குறையும் என்று விடை வந்தது.

17-க்கும் 50-க்கும் நடுவே எவ்வளவு தூரம்! அதை மறைக்காமல் எழுதியது அவர்களின் நேர்மை. ஆனால் இந்த மாதிரிக்கு ஓர் அடிப்படைப் பலவீனம் உண்டு. ராபர்ட்சனின் பட்டியலை அது ஒரு நிரந்தர மெனு மாதிரி எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் இல்லாத பூவைத் தேனீ தொடவே தொடாது என்று வைத்துக்கொள்கிறது. வழக்கமான கடை மூடியிருந்தால் பக்கத்துக் கடைக்குப் போகிற புத்தி தேனீக்கும் உண்டு என்பது அந்தக் கணக்கில் இல்லை.

மூன்றாம் வாசிப்பு: "பாதியைக் காணோம்"

2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பர்க்கிள் குழு கார்லின்வில்லுக்குப் போனது. வசந்த காலத்தில் காட்டுத் தரையில் பூக்கும் 26 வகைச் சிறு செடிகளை எடுத்துக்கொண்டது. மரங்கள் இலை விட்டு நிழல் கட்டும் முன்பே அவசர அவசரமாகப் பூத்து முடிக்கிற செடிகள் இவை.

ராபர்ட்சன் காலத்தில் இந்த 26 செடிகளுக்கு வந்தவை 109 தேனீ இனங்கள். இப்போது கிடைத்தவை 54. அதுதான் 'பாதி'. அன்றைக்கு இருந்த செடி–தேனீ உறவுகள் 532. அவற்றில் இன்றும் கண்ணில் பட்டவை 125 மட்டும்; 407 இல்லை. இல்லாமல் போன அந்த 407-ல் 183 உறவுகளுக்குக் காரணம், தேனீயே ஊரில் இல்லை என்பது. மீதி 224-ல் தேனீயும் இருக்கிறது, செடியும் இருக்கிறது, ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படவில்லை. கூடவே ராபர்ட்சன் பட்டியலில் இல்லாத 121 புதிய உறவுகள் தென்பட்டன. ஆக இன்றைய மொத்தம் 246. அன்றைய கணக்கில் பாதியைக்கூடத் தொடவில்லை.

இதில் ஒரு சுவாரசியம் கவனித்தீர்களா? 'நிலைத்திருக்கின்றன' என்ற 2001 கட்டுரையை எழுதிய மார்லின்தான் 'பாதியைக் காணோம்' என்ற 2013 கட்டுரையிலும் இருக்கிறார். அதே மனிதர், அதே ஊர், அதே நோட்டு. முடிவு மட்டும் தலைகீழ். இப்போது கேள்வி: எதை நம்புவது?

'காணவில்லை' என்றால் 'இல்லை' என்று அர்த்தமா?

பெரிய ஓட்டை இங்கேதான். ராபர்ட்சன் எடுத்துக்கொண்டது முப்பது ஆண்டுகளுக்கு மேல். பர்க்கிள் குழுவுக்குக் கிடைத்தது இரண்டு வசந்தம். முப்பது வருடக் கல்யாண வீட்டு மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு வருட மொய் நோட்டோடு ஒப்பிட்டால் பல பெயர்கள் இருக்காதுதான். அவர்கள் எல்லாரும் செத்துப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட முடியுமா?

இது வெறும் சந்தேகம் இல்லை. கிரீஸில் ஏதென்ஸ் அருகே ஒரு புதர்க்காட்டில் தியோடோரா பெட்டனிடூ குழு நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இதே மாதிரி உறவுகளைக் குறித்தது. 2008-ல் வெளியான அந்தக் கட்டுரையின்படி, நான்கு ஆண்டுகளிலும் தவறாமல் காணப்பட்ட பூச்சி இனங்கள் 21 சதவீதம்தான். உறவுகளோ வெறும் 4.9 சதவீதம்! நடுவில் நூற்றாண்டு எதுவும் கடக்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலேயே இவ்வளவு ஆட்டம். பூச்சி உலகம் இயல்பாகவே அப்படித்தான்: ஒரு வருடம் கொத்துக் கொத்தாக வரும், மறு வருடம் தேடினாலும் கிடைக்காது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், '532-ல் 407 உறவுகள் போய்விட்டன' என்ற வரியை அப்படியே விழுங்க முடியாது. குறிப்பாக அந்த 224: இரண்டு பேரும் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் நாங்கள் போன நேரத்தில் சேர்ந்து பார்க்கவில்லை என்ற வகை. இதில் எவ்வளவு உண்மையான முறிவு, எவ்வளவு பார்வைக்குத் தப்பியது என்று பிரிப்பது கஷ்டம்.

இதே தர்க்கத்தை மறுபக்கமும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. 121 'புதிய' உறவுகள் என்கிறார்களே, அவை உண்மையிலேயே புதியவையா? ராபர்ட்சன் கண்ணில் படாமல் அன்றைக்கே இருந்திருக்கலாம். காணாததை இல்லை என்று சொல்லக் கூடாது என்றால், முன்பு காணாததைப் புதிது என்றும் சொல்லக் கூடாது. தேனீக்கள் சமாளித்துக்கொள்ளும் என்று நம்பிக்கை ஊட்ட இந்த 121-ஐத் தூக்கிக் காட்டுபவர்களும் அதே ஓட்டைப் படகில்தான் போகிறார்கள்.

யார் தொலைந்தார்கள் என்பது

கட்டுரை இன்னொரு விஷயம் சொல்கிறது: தொலைந்த தேனீக்கள் குருட்டாம்போக்கில் தொலையவில்லை. சில பூக்களை மட்டுமே நம்பியிருந்தவை, மற்ற தேனீக்களின் கூட்டில் முட்டையிடும் ஒட்டுண்ணித் தேனீக்கள், பொந்துகளில் கூடு கட்டுபவை, முன்பே பலவீனமான உறவுகளில் இருந்தவை. இவை எதிர்பார்ப்பதைவிட அதிகம் காணாமல் போயிருக்கின்றன.

இங்கே ஒரு எதிர்வாதம் வைக்கலாம். சில பூக்களை மட்டும் நம்பும் தேனீயும் ஒட்டுண்ணித் தேனீயும் பொதுவாகவே எண்ணிக்கையில் குறைவு. அரிதானது கண்ணில் படாமல் போவதில் ஆச்சரியம் என்ன? வாஸ்தவம்தான். ஆனால் பொந்தில் வாழும் தேனீக்கு இந்த விளக்கம் அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது. அதற்குத் தேவை பட்ட மரம், காய்ந்த தண்டு. காடு வெட்டுப்பட்டுத் துண்டு துண்டானால் முதலில் அடிபடுவது அதுதான். இழப்பின் வடிவம் நிலத்தில் நடந்த மாற்றத்தோடு ஒத்துப் போகிறது. அதனால் '50 சதவீதம்' என்ற எண்ணில் எனக்குச் சந்தேகம் இருந்தாலும், இழப்பு என்ற திசையில் சந்தேகம் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால்

என் இரண்டாவது விமர்சனம் 'உலகளாவிய மாற்றம்' என்ற சொல்லின் மேல். கட்டுரை இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது அதற்குள் வெப்பம் கூடியது, காடு சுருங்கியது, வயல் பெருகியது எல்லாம் சேர்ந்து வருகிறது. 1990-களில் சந்தைக்கு வந்த நியோநிகோட்டினாய்டு பூச்சிக்கொல்லிகள் பின்னர் அமெரிக்க மக்காச்சோள விதைகளில் பரவலாகப் பூசப்பட்டன; அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஊர், 'அன்று–இன்று' என்ற ஒப்பீடு. இதை வைத்து எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. காடு வெட்டப்படாத ஒரு கார்லின்வில், வெப்பம் கூடாத ஒரு கார்லின்வில் என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் வேறு கார்லின்வில் கிடையாதே.

ஆனாலும் கட்டுரை பருவம் தப்பிய சந்திப்புகளை ஒரு முக்கியக் காரணமாக வைக்கிறது. பூவும் தேனீயும் இரண்டுமே சீக்கிரம் வர ஆரம்பித்துவிட்டன, ஆனால் ஒரே அளவில் அல்ல. பந்திக்கு முந்தி வந்தவனுக்கு இலையே போடவில்லை, பிந்தி வந்தவனுக்கு இலை எடுத்தாகிவிட்டது என்கிற கதை.

இது எங்கும் நடக்கிறதா? இக்னாசி பார்த்தோமேயுஸ் குழு 2011-ல் வடகிழக்கு அமெரிக்காவின் பத்துத் தேனீ இனங்களை 130 ஆண்டு அருங்காட்சியக மாதிரிகளில் பார்த்தது. அவை சராசரியாகப் பத்து நாள் முன்னதாக வெளிவருகின்றன. அதில் பெரும்பகுதி 1970-க்குப் பிறகு. ஆனால் அவை நாடும் செடிகளும் அதே வேகத்தில் முன்னால் வந்துவிட்டன. பெரிய பிளவு இல்லை. ஜப்பானின் ஹொக்கைடோவிலோ கதை வேறு. பனி சீக்கிரம் உருகும் ஆண்டுகளில் கோரிடாலிஸ் என்ற செடி பம்பிள் தேனீ எழும் முன்பே பூத்துவிட, விதை குறைவதை ககு குடோ, தகாஷி இடா இருவரும் 2013-ல் காட்டினார்கள். ஜெர்மனியில் மரியேலா ஷெங்க் குழு 2018-ல் வெளியிட்ட கூண்டுச் சோதனையில், தனித் தேனீக்களைப் பூவிலிருந்து மூன்று நாள், ஆறு நாள் தள்ளி விட்டுப் பார்த்தார்கள். ஆறு நாள் தப்பியவற்றில் பிழைத்தவை மிகச் சில, குஞ்சு பொரித்தவை அதைவிடக் குறைவு.

இவை ஒன்றுக்கொன்று முரண் இல்லை. பருவம் தப்பினால் அடி பலமாக இருக்கும் என்று கூண்டுச் சோதனை சொல்கிறது. எல்லா இடத்திலும் தப்பிவிடவில்லை என்று அருங்காட்சியகம் சொல்கிறது. கார்லின்வில்லில் தப்பியதா என்பதற்கு ஒவ்வொரு ஆண்டின் பதிவும் வேண்டும். இடையில் இருக்கிற பல பத்தாண்டுகளுக்கு அது நம்மிடம் இல்லை.

காரணத்தைப் பிரிக்க வேண்டுமானால் பல இடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெரமி கெர் குழு 2015-ல் அதைச் செய்தது: ஐரோப்பா, வட அமெரிக்கா இரண்டிலும் 67 பம்பிள் தேனீ இனங்கள், 110 ஆண்டுகள், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். தெற்கு எல்லையில் சில இடங்களில் 300 கிலோமீட்டர் வரை வாழிடம் சுருங்கியிருக்கிறது. வடக்கே அதற்கு ஈடாக நகரவில்லை. நில மாற்றத்தையும் பூச்சிக்கொல்லியையும் கணக்கில் எடுத்த பிறகும் வெப்பத்தின் கை தெரிகிறது. கார்லின்வில் சொல்ல முடியாததை இது சொல்கிறது. ஆனால் எந்தப் பூவோடு எந்தத் தேனீ பிரிந்தது என்று இதனால் சொல்ல முடியாது. இரண்டும் இரண்டு வேலை.

பூவுக்குள்ளேயே நடப்பதும் உண்டு. லூயிஸ் ஜிஸ்கா குழு 2016-ல் ஸ்மித்சோனியன் காப்பகத்தில் 1842 முதல் சேர்ந்த கோல்டன்ராட் பூக்களின் மகரந்தத்தைச் சோதித்தது. புரதம் சுமார் 18 சதவீதத்திலிருந்து 12-க்கு இறங்கியிருக்கிறது, காற்றில் கரியமில வாயு ஏற ஏற. அதாவது தேனீ நேரத்துக்கு வந்தாலும், பூ நேரத்துக்குப் பூத்தாலும், சாப்பாட்டில் சத்து குறைவு. யார் எந்தப் பூவுக்கு வந்தார்கள் என்ற பட்டியலில் இது தெரியவே தெரியாது.

ஓர் ஊர் உலகம் ஆகுமா?

அதே 2013-ல் பார்த்தோமேயுஸ் குழு இன்னொரு கட்டுரை எழுதியது. வடகிழக்கு அமெரிக்காவின் 438 தேனீ இனங்கள், 140 ஆண்டு மாதிரிகள். மூன்று பம்பிள் தேனீ இனங்கள் செங்குத்தாகச் சரிந்திருந்தன. மற்றத் தேனீக்களின் இன எண்ணிக்கையில் குறைவு மிதமானதுதான், புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட இனங்களின் அளவு மாறியிருந்தது. சில ஏறின, சில இறங்கின. பரந்த பரப்பில் பார்க்கும்போது ஓர் ஊரில் தொலைந்தது இன்னோர் ஊரில் இருக்கும். ஆகவே 'பாதியைக் காணோம்' என்பது கார்லின்வில் காட்டுத்தரைக்கான சேதி. அதை உலகத் தேனீக்களின் மரண அறிக்கையாக எடுத்துச் செல்பவர்கள் கட்டுரைக்கே அநியாயம் செய்கிறார்கள்.

காலை ஊன்றி நிற்கும் எண்

அப்படியானால் கட்டுரையில் எதை நம்பலாம்? கிளேய்டோனியா விர்ஜினிகா என்ற சின்னச் செடியைப் பற்றிய பகுதியை. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, விரல் நகம் அளவுப் பூ. அந்தக் காட்டில் வசந்தத்தில் நிறையவே பூப்பது. அதற்குத் தேனீ எத்தனை முறை வருகிறது என்று 1970-களின் தொடக்கத்தில் கிடைத்த கணக்கோடு ஒப்பிட்டால், 2009–10-ல் வருகை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

இந்த எண் ஏன் உறுதி? இதில் 'எந்த இனம் தப்பியது' என்ற கேள்வியே இல்லை. அரிய தேனீயைத் தேடி அலைய வேண்டாம், பெயர் மாறிய இனங்களைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஒரு பூ, இவ்வளவு நேரம், இத்தனை வருகை. எண்ணினால் தீர்ந்தது. முப்பது ஆண்டையும் இரண்டு ஆண்டையும் ஒப்பிடும் கோளாறும் இங்கே கிடையாது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் இதிலும் உண்டுதான். ஆனால் சாதாரணமாக நிறையக் கிடைக்கிற ஒரு பூவுக்கு வருகை நான்கில் ஒன்றாவது, பட்டியலில் அரிய பெயர் ஒன்று விடுபடுவதைப் போல இல்லை.

அதோடு இது 2001, 2013 சண்டையையும் தீர்த்து வைக்கிறது. 1972 வரை தேனீக்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன, வீழ்ச்சி அதற்குப் பிறகு வந்தது என்று எடுத்துக்கொண்டால் இரண்டு கட்டுரையுமே உண்மையாக இருக்கலாம். இது என் வாசிப்பு; இரண்டு கட்டுரைகளும் பார்த்த செடிகள் வேறு வேறு என்பதால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பருவ மாற்றத்தின் பெரும்பகுதி 1970-க்குப் பிறகுதான் என்று மேலே பார்த்தோமே, அதோடு இது இசைகிறது.

இதில் பயப்பட வேண்டிய விஷயமும் இருக்கிறது. கிளேய்டோனியா கிழங்கிலிருந்து வருடா வருடம் முளைக்கும் பல்லாண்டுச் செடி. விதை குறைந்தாலும் உடனே தெரியாது. காட்டுக்குள் போய்ப் பார்ப்பவருக்குத் தரை முழுக்கப் பூதான். வாடிக்கையாளர் வராத கடையில் விளக்கு மட்டும் எரிகிற மாதிரி. அவ்வளவு பூக்கள் இருக்கும்போது குறை இருப்பதாக யார் சொல்வார்கள்? இந்த வருகைக் குறைவு விதையில் எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பதைக் கட்டுரை முழுதாகத் தொடரவில்லை. அடுத்த கட்டுரை அங்கேதான் தொடங்க வேண்டும்.

எண்ணைத் திருத்துவது எதற்கு?

'தேனீ அழிகிறது என்று சொன்னால் போதாதா, இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு' என்று கேட்கலாம். எனக்கு இரண்டு காரணம் தெரிகிறது.

ஒன்று, ஊதிய எண்ணைக் குத்துவது சுலபம். நாளைக்கு யாராவது கார்லின்வில்லில் இன்னும் பத்து வருடம் தேடி, காணாமல் போனவற்றில் இருபது இனங்களைக் கண்டுபிடித்தால், 'பார், எல்லாம் புரளி' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அப்போது கிளேய்டோனியாவின் காலிக் கடையை யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு, தவறான எண் தவறான மருந்தைக் கொண்டுவரும். 'தேனீ பாதியாகிவிட்டது' என்று கேட்டவர் மொட்டை மாடியில் தேன்பெட்டி வைக்கிறார். நல்ல மனசுதான். ஆனால் கார்லின்வில்லில் தொலைந்தது பெட்டித் தேனீ இல்லையே. மண்ணைத் தோண்டிக் குடியிருப்பதற்கு உழாத தரை, பொந்துக்குப் பட்ட மரம், பறக்கிற அந்தச் சில வாரத்தில் பூக்கிற செடி, இவைதான் தனித் தேனீக்கு வேண்டியவை. பெட்டித் தேனீ பெருகினால் அதே பூவுக்குப் போட்டிதான் கூடும்.

கடைசியாக, நோட்டுப் பற்றி ஒரு வார்த்தை. ராபர்ட்சன் கார்லின்வில்லில் குறித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1897-ல், பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரின வரிசையில் சார்ல்ஸ் பிங்ஹாம் எழுதிய குளவிகள், தேனீக்கள் தொகுதி வெளியானது. இந்தியா, இலங்கை, பர்மா மூன்றுக்கும் சேர்த்து. எந்தத் தேனீ எப்படி இருக்கும், எங்கே கிடைத்தது என்று பார்க்க அருமையான நூல். ஆனால் அது இனப் பட்டியல், உறவுப் பட்டியல் அல்ல. அதை வைத்து ஒரு தேனீ இன்றும் இருக்கிறதா என்று கேட்கலாம். எந்தப் பூவை விட்டுவிட்டது என்று கேட்க முடியாது.

மூன்று வாசிப்பிலும் ஓட்டை இருக்கிறது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் ஓட்டையைப் பற்றிச் சண்டை போடுவதற்கே ஒரு நோட்டு வேண்டும். கார்லின்வில்லுக்கு அது இருந்தது. அதில் விடுபட்டது ஒன்றே ஒன்று: நின்ற நேரம். உங்கள் வீட்டுப் பக்கத்துத் தும்பையையோ முருங்கையையோ இன்று கவனிக்க ஆரம்பிப்பவராக இருந்தால், வந்த தேனீயின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் எழுதி வையுங்கள். எதுவுமே வராத நாளையும் எழுதுங்கள். நாளைக்கு யாராவது 'காணோம்' என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு எடை கொடுக்கப் போவது அந்த வரிதான்.